பிறந்த வீட்டுக் கோடி

அம்மாக்கண்ணு செத்துப்போன அன்றைக்கு அவளுடைய ஒரே மகள் கலையரசி அழவில்லை. ஊர் முழுக்க அதே பேச்சு. செத்தவளைப் பற்றிப் பேச ஒரு வண்டி சங்கதி இருந்தது. ஆனால் ஊருக்கு மெல்லுவதற்கு வாகாகக் கிடைத்தது மகளின் காய்ந்த கண்தான். "பெத்தவ கெடக்கா, இவ டம்ளர் கழுவிக்கிட்டு நிக்கிறா பாரு" என்று ஒருத்தி சொன்னது கலையரசி காதிலேயே விழுந்தது. விழுந்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. டம்ளரில் டீக்கறை இருந்தது, கழுவினாள்.

வராத அழுகைக்கு அவள் எங்கே போவாள்? 2006-ஆம் வருஷம், பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் மலையைப் பார்த்த ஒரு கிராமம். விடிகாலையில் வாசல் தெளிக்க வாளியைத் தூக்கிக்கொண்டு போன அம்மாக்கண்ணு, நெஞ்சை அடைக்கிறது என்று படியில் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரெட்டிபாளையத்தில் இருந்த கலையரசிக்குப் போன் வந்தபோது மணி ஆறரை. அவள் புருஷன் மகேஷுக்கு அங்கே சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் வேலை. அவனும் அவளும் எட்டு வயது மகள் சத்யாவும் ஒரே வண்டியில் ஏறி, அரியலூர், பெரம்பலூர் எல்லாம் தாண்டி வந்து சேர ஒன்பதரை ஆனது. சத்யா வழியெல்லாம் தேம்பிக்கொண்டே வந்தாள். கலையரசி வழியெல்லாம் யோசித்தது, கேஸ் அடுப்பை அணைத்தோமா இல்லையா என்பதை.

வந்து பார்த்தாள். பெஞ்சில் அம்மா கிடந்தாள். வாயைக் கட்டியிருந்தார்கள். ஓயாமல் பேசுகிற வாய் அது. பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நாற்காலி போதவில்லை என்று யாரோ சொன்னார்கள், அதைப் பார்க்கப் போய்விட்டாள்.

அம்மாக்கண்ணு பிறந்தது குரும்பலூரில், ஒரு குழி நிலம் இல்லாத கூலிக் குடும்பத்தில். பதினோரு வயதில் தாயைப் பறிகொடுத்தாள். கைக்குழந்தையாக ஒரு தம்பி, வேல்முருகன். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் களை வெட்டப் போனாள், கடலை பிடுங்கப் போனாள். அந்தப் பயல் முதன்முதலாக 'அம்மா' என்று கூப்பிட்டதே அக்காவைத்தான். பதினெட்டு வயதில் அமாவாசைக்கு வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தபோது, அவள் கொண்டுவந்த சீர் ஒரு பித்தளைக் குடமும் எட்டு வயதுத் தம்பியும். அமாவாசை நல்ல மனுஷன். குடத்தையும் வைத்துக்கொண்டான், மச்சானையும் வைத்துக்கொண்டான்.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. அதுதான் அவளிடம் இருந்த ஒரே கோளாறு என்று அமாவாசை சொல்லுவான். யூரியாச் சாக்கு ஒன்று கிடைத்தால் போதும், தையலைப் பிரித்து, அலசி, சாயத்தில் முக்கி, கோணி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தூளி தைத்தாள். கதவுக்கு மயில் வைத்த திரை தைத்தாள். சைக்கிள் சீட்டுக்கு உறை தைத்தாள். ஒரு ஐப்பசி மழையில் ஆடெல்லாம் நனைகிறதே என்று நாலு ஆட்டுக்கும் நாலு கலரில் சட்டை தைத்துப் போட்டுவிட்டாள். மற்ற ஆடுகள் அவற்றைக் கண்டு மிரண்டு ஓடின. ஊரே கூடி நின்று சிரித்தது. அவளும் கூட நின்று சிரித்தாள். அடுத்த மழைக்கு ஆறு பேர் தங்கள் ஆட்டுக்கும் தைத்துத் தரச் சொல்லிச் சாக்கோடு வந்து நின்றார்கள். யார் வந்து எதைக் கேட்டாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றுதான், "ஒனக்கு என்ன கலரு புடிக்கும், சொல்லு."

பேத்தி சத்யா ஒன்றாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். விவரம் தெரிந்ததும் அம்மாக்கண்ணு இரண்டு பஸ் மாறி ரெட்டிபாளையத்துக்கு வந்து இறங்கினாள். மகேஷ் ஆலையிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த கிழிந்த சிமெண்டுப் பைகளை நூல் நூலாகப் பிரித்தாள். மூன்று நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து பேத்தியை ஒரு மக்காச்சோளக் கதிராக்கிவிட்டாள். மஞ்சள் முத்துகள் வரிசை வரிசையாக, மேலே பச்சைத் தோகை, உச்சியில் பழுப்பு மயிர். சத்யா நடந்தால் சரசரவென்று சத்தம் வந்தது. இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசு, தலைவர் வேஷம் போட்டு மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்த ஒரு பையனுக்கு. அம்மாக்கண்ணு நேரே மேடைக்குப் போய்விட்டாள். "கண்ணாடிய வாங்கி மாட்டுனதுக்கு மொதப் பரிசா சார்? இதுல ஒரு முத்த நீங்க தச்சுக் காட்டுங்க பாப்பம்" என்றாள். கலையரசிக்கு மானம் போயிற்று. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள், அன்று முழுக்க அம்மாவோடு பேசவில்லை. அம்மாயியும் பேத்தியும் மட்டும் பரிசாகக் கிடைத்த சோப்பு டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவளுக்குத் தன் பிறந்த வீட்டோடு ஒட்டு இல்லாமல் போயிருந்தது. அதற்குக் காரணம் கலையரசி.

1995-இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. பன்னிரண்டாவது முடித்திருந்தாள். தாய்மாமன் வேல்முருகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. குரும்பலூரில் தகப்பன் வீட்டுக்கே திரும்பிப் போய், குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போட்டு நிமிர்ந்திருந்தார். அக்கா மகள் தனக்குத்தான் என்று இருந்தார். அக்காவும் அப்படித்தான் இருந்தாள், ஊரும் அப்படித்தான் இருந்தது. கலையரசியை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு மாமாவைப் பிடிக்கும். தோளில் தூக்கிக்கொண்டு சிறுவாச்சூர்த் தேர் காட்டியவர். அதனாலேயே கட்டிக்கொள்ள முடியாது என்று தோன்றியது. அதைச் சொல்லப் பயந்து, நாளைத் தள்ளித் தள்ளி, பரிசம் போடுகிற அன்று காலையில்தான் அம்மாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

அம்மாக்கண்ணு ஒரு நாழிகை மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். தட்டு வரிசையோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்த தம்பியை, வீட்டுக்குள் காலை வைப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டாள். "புள்ளைக்கு மனசு இல்ல தம்பி. அவளக் கட்டாயப்படுத்த எனக்குத் தெம்பு இல்ல. திரும்பிப் போயிடு" என்றாள். நாலு தெரு பார்க்க அவர் தட்டுகளோடு திரும்பிப் போனார். போகும்போது சொன்னார், "இன்னையோட எனக்கு அக்கா இல்ல."

அப்புறம் கலையரசிக்கு மகேஷ் வந்தான், சத்யா பிறந்தாள். வேல்முருகனும் வேறு இடத்தில் பெண்ணெடுத்துப் பிள்ளை குட்டி பெற்றார். பேச்சு வார்த்தை மட்டும் இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மாக்கண்ணு, "இந்த வருசம் வருவான் பாரு" என்பாள். குரும்பலூர்ப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லியும் விடுவாள். ஒரு பதிலும் வராது. "அவனுக்கு வேல ஒழிஞ்சிருக்காது" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

2001-இல் அமாவாசை செத்தான். புருஷன் செத்தால் கருமாதி அன்று தாலி அறுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுச் சேலை கொண்டுவந்து போட வேண்டும். அதற்குக் கோடி என்று பேர். நாளைக்கு அந்தப் பெண்ணே செத்தாலும் அப்படித்தான், பிறந்த வீட்டுக் கோடி மேலே விழுந்த பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். கோடி கொண்டுவர ஆளில்லாதவளை நாதியற்றவள் என்பார்கள். கருமாதி அன்று அம்மாக்கண்ணுவைச் சபையில் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் குரும்பலூர்ப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. வேல்முருகன் வரவில்லை. கடைசியில் பூங்காவனம், பார்க்கச் சகிக்காமல், தன் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துவந்து போட்டாள். அம்மா அந்த இரண்டு மணி நேரமும் தலையைக் குனிந்து பாயில் ஒரு நாரைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். தன்னால்தான் என்று கலையரசிக்குத் தெரியும். அன்றைக்கும் அம்மா சொன்னது, "அவனுக்கு வேல இருந்திருக்கும்" என்பதுதான்.

இது எல்லாம் கலையரசி தலைக்குள் இருந்தது. ஆனால் சாவு வீட்டில் டம்ளர் கழுவிக்கொண்டு நின்றவளுக்கு இதில் ஒன்றும் சுடவில்லை. யாருக்கோ நடந்த கதை மாதிரி இருந்தது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கு அம்மா கோடி இல்லாமல் போகக் கூடாது.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி, எடுக்க மாட்டார்கள். ஆகையால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தெருப் பெரியவர் கருப்பண்ணன் சொல்லிவிட்டார். குரும்பலூருக்குச் சாவுச் சேதி கொண்டு போன ஆள் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தான்.

"சொன்னியா?" என்று கேட்டார் கருப்பண்ணன்.

"சொன்னேங்க. ஒண்ணும் பேசல. வூட்டுக்குள்ள போயிட்டாரு. செத்த நேரம் வாசல்ல நின்னு பாத்தேன், வெளிய வரல. நான் வந்துட்டேன்."

கூடியிருந்தவர்கள் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலையரசி மகேஷைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டாள்.

"வேப்பந்தட்டைக்குப் போயி ஒரு சேல எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"கோடிக்கு. மாமா வரமாட்டாரு."

மகேஷ் தயங்கினான். "என்ன மாதிரி எடுக்கட்டும்?"

"ஏதாவது ஒண்ணு. புதுசா இருந்தாப் போதும். சீக்கிரம் வாங்க."

பிறகு பூங்காவனத்தைப் பிடித்தாள். பூங்காவனமும் குரும்பலூரில் பிறந்தவள், வேல்முருகனுக்குப் பங்காளி வழி. தட்டை அவள் தூக்கி வந்தால் பிறந்த வீட்டிலிருந்து வந்ததாக ஊர் நம்பும்.

"அடியே, இது அடுக்குமா? அவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். அவன் குடுத்து வுட்டான்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

"போன தடவ மாதிரி அம்மா காத்துக் கெடக்கணுமா சித்தி?"

பூங்காவனம் அவளை உற்றுப் பார்த்தாள். கலையரசியின் முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அதைப் பார்த்துத்தான் பூங்காவனம் பயந்துபோய்ச் சம்மதித்தாள்.

எல்லாம் சொன்னபடி நடந்தது. குளிப்பாட்டி முடித்தார்கள். பூங்காவனம் தெருமுனையிலிருந்து தட்டோடு வந்தாள், மேளக்காரர் முன்னால் அடித்துக்கொண்டு வந்தார்கள். "பொறந்த வூட்டுக் கோடி வருது, வழி வுடுங்க" என்றார் கருப்பண்ணன். வேல்முருகனுக்கு உடம்புக்கு முடியவில்லை, கொடுத்துவிட்டிருக்கிறான் என்று பூங்காவனம் சொன்னாள். பெண்கள் மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்கள், சேலையைப் போர்த்தினார்கள். ஊதாவோ கத்தரிப்பூவோ ஒரு கலர், சரியாகக்கூடக் கலையரசி பார்க்கவில்லை. ஒரு வேலை முடிந்தது என்று இருந்தது. சத்யா சாப்பிட்டாளா என்று யாரிடமோ கேட்டாள்.

வாய்க்கரிசி போட்டாயிற்று. பாடையைக் கட்டி வாசலில் வைத்தாயிற்று. மணி மூன்றரை. உடம்பைத் தூக்க நாலு பேர் குனிந்தபோது, தெருமுனையில் ஒரு ஆள் ஓட்டமும் நடையுமாக வந்தார். வேட்டி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. தலை பாதி நரைத்திருந்தது. மார்போடு சேர்த்து ஒரு துணிக்கடைப் பையைப் பிடித்திருந்தார். வேல்முருகன்.

கூட்டம் விலகியது. அவர் யாரையும் பார்க்காமல் நேரே அக்காவிடம் வந்தார். பையிலிருந்து சேலையை எடுத்துப் பிரிக்கப் போனவர், அக்கா மேல் கிடந்த புதுச் சேலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாரு போட்டது?"

"பொறந்த வூட்டுக் கோடிப்பா" என்றார் கருப்பண்ணன். "நீதான குடுத்து வுட்ட?"

"நான் யாருகிட்டயும் குடுத்து வுடல."

மேளம் நின்றது. பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். கலையரசி முன்னால் வந்தாள்.

"நான்தான் மாமா. அவர அனுப்பி வாங்கியாரச் சொன்னேன். சித்திமேல தப்பு இல்ல."

கருப்பண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பொணத்த வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வச்சிருக்கியே, நீயெல்லாம் படிச்ச புள்ளையா? தம்பி உசுரோட இருக்கையில வேற ஆளு போட்டா அது கோடியா? போட்டவளே எடு அத."

கலையரசி எடுத்தாள். அம்மாவின் கழுத்தடியிலிருந்து மெல்ல உருவி எடுத்துச் சுருட்டித் தன் கையில் வைத்துக்கொண்டாள். அப்போதும் அவளுக்குக் கண் கலங்கவில்லை. வேல்முருகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரமாட்டேன்னே முடிவு பண்ணிட்டியா பாப்பா?"

பதினோரு வருஷம் கழித்து அவர் கூப்பிட்ட முதல் பாப்பா. அவள் தலையைக் குனியாமல் சொன்னாள், "அப்பாவுக்கு வரலையே மாமா நீங்க."

"வரல. கெளம்பிட்டு, வீம்பு புடிச்சு, வாசல்லயே உக்காந்துட்டேன்." கையிலிருந்த சேலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அன்னைக்கு அக்கா என்ன சொல்லுச்சு?"

"ஒங்களுக்கு வேல இருந்திருக்கும்னு சொன்னா."

வேல்முருகன் அப்படியே அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். சேலை மடியில் கிடந்தது.

"இன்னைக்குப் பத்தரைக்கே கெளம்பிட்டேன் பாப்பா. பெரம்பலூர்ல எறங்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரன் எடுத்து எடுத்துப் போடுறான். எனக்கு ஒண்ணும் ஓடல. எத எடுத்தாலும், இது அவளுக்குப் புடிக்குமான்னு ஒரு நெனப்பு. கடைசியா ஒண்ணு எடுத்துக் குடுக்கறோம், புடிக்காதத எடுத்துரக் கூடாதேன்னு. ரெண்டு மணி நேரம் அங்கயே நின்னுட்டேன். பஸ் போயிடுச்சு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீ கூடவே இருந்தவ. சொல்லு, அக்காவுக்கு என்ன கலரு புடிக்கும்? இது சரியா இருக்குமா?"

கலையரசி வாயைத் திறந்தாள். யோசித்தாள். அம்மா உடுத்தியதெல்லாம் யாராவது கொடுத்தது. பொங்கலுக்கு ரேஷன் கடையில் போடுகிற சேலை, மகள் கட்டிச் சலித்துக் கழித்தது, கல்யாணத்துக்குப் போன இடத்தில் வைத்துக் கொடுத்தது. எது கிடைத்தாலும் நல்லா இருக்கு என்று கட்டிக்கொண்டாள். ஊரில் உள்ள அத்தனை பேரையும் கேட்டவளை, முப்பது வருஷத்தில் இவள் ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை.

"தெரியல மாமா" என்றாள்.

சொன்ன மாத்திரத்தில் கையில் சுருட்டி வைத்திருந்த சேலை கீழே விழுந்தது. "ஏதாவது ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன் மாமா. எங்கம்மாவுக்கு, ஏதாவது ஒண்ணுன்னு சொன்னேன்" என்று அவள் வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அவளைப் பேசிய பெண்களே ஓடி வந்து தாங்கிக்கொண்டார்கள்.

வேல்முருகன் எழுந்தார். சேலையை உதறிப் பிரித்தார். நல்ல கிளிப்பச்சை, சிவப்புக் கரை. ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறுமுனையை அவளிடம் நீட்டினார். முறைப்படி மகளுக்கு அங்கே வேலை இல்லை. கருப்பண்ணன் பார்த்துக்கொண்டுதான் நின்றார், ஆனால் தடுக்கவில்லை.

"புடி பாப்பா" என்றார் வேல்முருகன். "நேரமாச்சு. அந்தப் பக்கம் நீ புடி."

அவள் பிடித்தாள்.